குளிரில் உறங்கும் எஞ்சின்

தலைநகரத்துத் தை மாதம் எத்தகையது என்பதை, தென்னாட்டிலிருந்து வந்து வடபுலத்தில் வேர் பிடித்திருக்கும் நம்மவர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் கதவைத் திறந்தால் எதிர்வீடு தெரிவதில்லை. குழாய் நீர் கையைக் கடிக்கிறது. அலமாரியில் வைத்த தேங்காயெண்ணெய் வெண்ணெய்க்கட்டி போல் இறுகிக் கிடக்கிறது. ஊரிலிருந்து வரும் உறவினரை அழைத்துவர ரயில் நிலையத்துக்குப் புறப்பட்டு, வண்டியில் அமர்ந்து சாவியைத் திருப்புகிறோம். எஞ்சின் நோயாளியைப் போல இரண்டு முறை முனகுகிறது. மூன்றாம் முறை அந்த முனகலும் இல்லை. போர்வையை இழுத்துப் போர்த்தியபடி வாயிற்படியில் நிற்கும் இல்லத்தரசியார், "என்ன, ஸெல்ப் எடுக்கவில்லையா?" என்று கேட்கிறார்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு, அந்த நெருக்கடியிலும் ஒரு சொல் காதில் விழுந்தால் அதை அப்படியே விட்டுவிட மனம் வருவதில்லை. 'ஸெல்ப்' என்பது என்ன சொல்? ஆங்கிலத்தில் அதற்குத் 'தான்' என்பது பொருள். லாரி ஓட்டுபவரும், வாடகைக் கார் ஓட்டுபவரும், பட்டறையில் எண்ணெய்க் கையோடு நிற்கும் சிறுவனும் அதைத் தமிழ்ச் சொல்லாகவே வழங்குகிறார்கள். 'ஸெல்ப் அடிக்கிறது' என்கிறார்கள். 'ஸெல்ப் போய்விட்டது' என்கிறார்கள். எஞ்சின் 'தானே' புறப்படுகிறது என்று வியந்து பெயரிட வேண்டுமானால், அது தானே புறப்படாத காலம் ஒன்று இருந்திருக்க வேண்டுமல்லவா? அந்தக் காலத்தையும், குளிர்ந்த எஞ்சினை எழுப்புவதற்கு மனிதன் பட்ட பாட்டையும் இங்கே சற்று நினைவுகூர விரும்புகிறோம்.

முதலில், குளிர் எஞ்சினை என்ன செய்கிறது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். அது மூன்று முனைகளில் தாக்குகிறது. முதல் முனை எண்ணெய். எஞ்சினுக்குள் ஓடும் மசகெண்ணெய், வெம்மையில் நீராய் ஓடும். குளிரில் பாகாய் இறுகும். நம் வீட்டுத் தேங்காயெண்ணெய்க்கு நேர்ந்ததே அதற்கும் ஒருவாறு நேர்கிறது. பாகுக்குள் புதைந்த பாகங்களைச் சுழற்றப் பெரும் பலம் வேண்டும். இரண்டாம் முனை பாட்டரி. ஈயத் தகடுகளுக்கும் கந்தக அமிலத்துக்கும் இடையே நிகழும் ரசாயன மாற்றமே மின்சாரமாக வெளிப்படுகிறது. குளிரில் அந்த மாற்றம் மந்தமாகிவிடும். பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி செல்சியஸில், நல்ல பாட்டரியும் ஏறக்குறையப் பாதி சக்தியைத்தான் தரும். அதாவது, எஞ்சின் மிகுதியான பலத்தைக் கேட்கும் அதே வேளையில் பாட்டரியின் கையிருப்பு பாதியாகிவிடுகிறது. செலவு மிகுந்த மாதத்தில் சம்பளம் பாதியாவது போன்றது இது. சர்க்கார் ஊழியருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

மூன்றாம் முனை எரிபொருள். பெட்ரோல் திரவமாக இருக்கும்போது எரிவதில்லை. ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் எரியும். குளிரில் அது எளிதில் ஆவியாவதில்லை. ஆகவே பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி கிடைக்க வேண்டுமானால், வழக்கத்தைவிட அதிகமான பெட்ரோலை அனுப்ப வேண்டும். பழைய கார்களில் நாம் இழுத்துவிட்ட 'சோக்' என்னும் குமிழின் வேலை அதுவே. காற்றின் வழியை நெரித்துப் பெட்ரோலின் பங்கை அது கூட்டியது. நெரித்தல் என்பதே அச்சொல்லின் பொருளும் ஆகும். குளிர்காலக் காலைகளில் ஸ்கூட்டரைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துவிட்டுப் பிறகு உதைத்தோமே, அதுவும் கார்புரேட்டருக்குள் சிறிது பெட்ரோல் மிகுதியாகச் சேரட்டும் என்பதற்காகத்தான். விஞ்ஞானம் படியாதவரும் கைப்பழக்கத்தால் கண்ட உண்மை அது.

டீஸல் எஞ்சினின் கதை வேறு. அதில் பொறி கிடையாது. ருடால்ப் டீஸல் என்னும் ஜெர்மானியப் பொறியியலறிஞர் 1897-ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய எஞ்சினின் தத்துவம் இதுதான்: காற்றைப் பலமாக அழுத்தினால் அது சூடேறும், சூடேறிய அக்காற்றில் எண்ணெய் தெளித்தால் அது தானே பற்றிக்கொள்ளும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைக் கண்டவர்க்கு இது விளங்கும். ஆனால் எஞ்சினின் இரும்பு பனிபோல் குளிர்ந்திருந்தால், அழுத்தத்தால் பிறந்த சூட்டை அந்த இரும்பே உறிஞ்சிவிடும். பிறகு எண்ணெய் எவ்வாறு பற்றும்? போதாக்குறைக்கு டீஸலில் மெழுகு கலந்திருக்கிறது. குளிர் மிகுந்தால் அம்மெழுகு பொடிப்பொடியாகத் திரண்டு வடிகட்டியை அடைத்துவிடும். தொட்டி நிறைய எண்ணெய் இருந்தும் எஞ்சின் பட்டினி கிடக்கும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். கார் ஓட்டுபவரை ஆங்கிலத்தில் 'ஷோபர்' என்பார்கள். அது பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த சொல். அதன் மூலப்பொருள் 'ஓட்டுபவன்' அன்று, 'சூடேற்றுபவன்' என்பதே. நீராவி இயந்திரத்துக்குத் தீ மூட்டியவனுக்கு வழங்கிய பெயர், பின்னர் மோட்டார் வண்டியோடு ஒட்டிக்கொண்டது. பெயர் பொருத்தமானதே. காட்லீப் டெய்ம்லர் 1885-ஆம் ஆண்டையொட்டி உருவாக்கிய வேக எஞ்சினில், பெட்ரோலைப் பற்றவைப்பதற்கு ஒரு சிறு குழாய் இருந்தது; விளக்குச் சுடரால் அதைப் பழுக்கக் காய்ச்சிய பிறகே எஞ்சின் ஓடும். 1890-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஹெர்பர்ட் அக்ராய்ட் ஸ்டூவர்ட் காப்புரிமை பெற்ற எண்ணெய் எஞ்சினிலும், அதன் தலையிலிருந்த குமிழை ஊதுவிளக்கால் முதலில் சூடேற்ற வேண்டியிருந்தது. அவ்வகை எஞ்சின்கள் உலகெங்கும் வயல்களிலும் ஆலைகளிலும் படகுகளிலும் பல ஆண்டுகள் உழைத்தன. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சித்திரை வெயிலிலும் அந்தக் குமிழைச் சூடாக்கியே தீர வேண்டும். நமக்கு எது வெப்பமோ, எஞ்சினுக்கு அதுவும் குளிரே. பனிநாட்டுக் குளிர் இந்தத் தொல்லையைப் புதிதாக உண்டாக்கவில்லை. முன்பே உள்ளதைப் பன்மடங்காக்கியது.

மின்பொறியால் பெட்ரோலைப் பற்றவைக்கும் முறை பரவியபின் விளக்கு மறைந்தது. ஆனால் எஞ்சினை முதலில் சுழற்றிவிட ஒரு கை தேவைப்பட்டது. வண்டியின் முகப்பில் இரும்புக் கைப்பிடியைச் செருகி, குனிந்து நின்று, பலங்கொண்ட மட்டும் சுற்ற வேண்டும். நம்மவர்கள் 'ஹாண்டில் போடுதல்' என்று கூறியது அதைத்தான். இதில் ஒரு பேராபத்து இருந்தது. பொறி சற்று முந்திப் பற்றிக்கொண்டால், எஞ்சின் எதிர்த்திசையில் திமிறிக் கைப்பிடியை வீசியடிக்கும். மணிக்கட்டு முறியும், சில வேளைகளில் தாடையும் உடையும். மணிக்கட்டருகே ஏற்படும் ஒருவகை எலும்பு முறிவை மருத்துவ நூல்கள் இன்றும் 'ஷோபர் முறிவு' என்றே குறிக்கின்றன. அனுபவசாலிகள் கட்டைவிரலை மற்ற விரல்களின் பக்கமே வைத்துக்கொண்டு, கைப்பிடியைக் கீழிருந்து மேலாக இழுக்கக் கற்றிருந்தார்கள். கீழ்நோக்கி அழுத்திச் சுற்றுவது கூடாது என்பது அவர்களுடைய பால பாடம். குளிர்காலத்தில் எண்ணெய் இறுகிக் கிடந்தமையால், ஒரு முறைக்குப் பத்து முறை சுற்ற வேண்டும். சுற்றும் முறை பெருகப் பெருக ஆபத்தும் பெருகியது.

அமெரிக்காவில் காடிலாக் நிறுவனத்தின் தலைவராக விளங்கிய ஹென்றி லேலண்டை இந்நிலை உறுத்தியது. அவருடைய நண்பர் ஒருவர், வழியில் நின்றுபோன கார் ஒன்றுக்கு ஹாண்டில் போட்டு உதவப் போய் அடிபட்டு உயிர் துறந்தார் என்றும், அதுவே லேலண்டின் மனத்தை மாற்றியது என்றும் ஒரு கதை வழங்குகிறது. விவரங்களில் வரலாற்றாசிரியர்கள் மாறுபடுவர். எனினும், அக்காலத்தில் இத்தகைய விபத்துகள் அரியன அல்ல. மாற்று வழியைக் கண்டவர் ஒஹையோ மாகாணத்து டேட்டன் நகரைச் சேர்ந்த சார்லஸ் கெட்டரிங். அவர் அதற்கு முன்பு, கடைகளில் பணம் வாங்கிப் போடும் கல்லாப்பெட்டி செய்யும் நிறுவனத்தில் பணிபுரிந்து, அப்பெட்டியை இயக்கச் சிறு மின்மோட்டார் ஒன்றை அமைத்தவர். அந்த அனுபவம் அவருக்கு ஒரு நுட்பத்தை உணர்த்தியது. இடைவிடாமல் உழைக்கும் மோட்டார் பெரிதாகத்தான் இருக்க வேண்டும். சில விநாடிகள் மட்டும் உழைத்துவிட்டு ஓயும் மோட்டாருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அச்சில விநாடிகளில் அதன் சக்திக்கு மீறிய சுமையை ஏற்றினாலும் அது தாங்கிக்கொள்ளும்.

எஞ்சினை எழுப்பும் வேலையும் சில விநாடி வேலைதானே? 1911-ஆம் ஆண்டில் கெட்டரிங்கின் மின்மோட்டார் காடிலாக் வண்டியைச் சுழற்றிப் புறப்படுவித்தது. 1912-ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் அது இடம் பெற்று விற்பனைக்கு வந்தது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அதே கருவி மின்சாரத்தை உண்டாக்கிப் பாட்டரியில் திரும்பச் சேர்த்தது. இதைத்தான் ஆங்கிலத்தில் 'ஸெல்ப் ஸ்டார்ட்டர்' என்றார்கள். தோள்வலிமை உடையவர்க்கே உரியதாக இருந்த மோட்டார் வண்டி, அதன் பயனாக முதியோர்க்கும் பெண்டிர்க்கும் எளிதாகக் கைவந்தது. சாதாரண மக்களின் காராகிய போர்டு 'மாடல் டி' வண்டியில் அந்த வசதி 1919-ஆம் ஆண்டில் வந்தது. பின்பாதியை நம்மவர்கள் வழியில் எங்கோ நழுவவிட்டார்கள். 'ஸெல்ப்' மட்டும் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் தங்கிவிட்டது.

ஆனால் ஸெல்ப் வந்ததும் குளிர் தோற்றுவிட்டதா என்றால், இல்லை. முன்பு மனிதக் கை பட்ட பாட்டை இப்போது பாட்டரி பட்டது. குளிரில் முதலில் தளர்வது பாட்டரி என்பதை முன்பே கண்டோம். இந்த உண்மையை அலட்சியம் செய்தால் என்ன நேரும் என்பதை உலகம் 1941-ஆம் ஆண்டின் இறுதியில் கண்டது.

அவ்வாண்டு ஜூன் 22-ஆம் தேதி ஜெர்மானியப் படைகள் சோவியத் நாட்டின்மீது பாய்ந்தன. குளிர்காலத்துக்கு முன்பே போர் முடிந்துவிடும் என்பது அவர்களுடைய கணக்கு. கணக்குப் பிழைத்தது. அக்டோபர் மழையில் சாலைகள் சேறாயின. பிறகு சேறு உறைந்தது. மாஸ்கோவின் வாயிலை நெருங்கிய வேளையில், வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரியையும் தாண்டி இறங்கிற்று. டாங்கிகளிலும் லாரிகளிலும் இருந்த எண்ணெய் இறுகியது. பாட்டரிகள் செயலற்றன. போர்வீரர்கள் எஞ்சினுக்கு அடியில் நெருப்பு மூட்டிச் சூடேற்றினார்கள். அணைத்தால் மறுபடி எழாதே என்று அஞ்சிய ஓட்டிகள், இரவு முழுவதும் எஞ்சினை ஓடவிட்டார்கள். முன்னேறுவதற்கு வேண்டிய பெட்ரோல் நின்ற இடத்திலேயே எரிந்து தீர்ந்தது.

சோவியத் வீரர்களுக்கும் அதே குளிர்தான். ஆனால் அவர்கள் அதை அறிந்தவர்கள். அவர்களுடைய புகழ்பெற்ற டி-34 டாங்கியின் டீஸல் எஞ்சினுக்கு மின்மோட்டாருடன், அழுத்திய காற்றால் சுழற்றும் வசதியும் இருந்தது. பாட்டரி கைவிட்டாலும் காற்றுக் குப்பிகள் கைகொடுக்கும். அவர்களுடைய விமானப் படையில், இரவில் எஞ்சினிலிருந்து எண்ணெயை வடித்துவிட்டுக் காலையில் சூடாக்கி ஊற்றுவதும், எண்ணெயில் சிறிது பெட்ரோலைக் கலந்து இளக்கி வைப்பதும் வழக்கமாக இருந்தன. டிசம்பர் 5-ஆம் தேதி தொடங்கிய எதிர்த்தாக்குதலில் ஜெர்மானியர் பின்வாங்கினார்கள். மாஸ்கோவைக் காத்தது குளிர் ஒன்றேயன்று. சோவியத் மக்களின் எதிர்ப்பும், நாட்டின் பரப்பும், புதிய படைகளின் வருகையும் முதன்மையான காரணங்கள். ஆனால் இரு தரப்புக்கும் பொதுவாகப் பெய்த பனி ஏன் ஒரு தரப்பை மிகுதியாக வாட்டியது என்று கேட்டால், அதற்கு விடை முன்னேற்பாடு என்ற ஒரு சொல்லே.

ஜெர்மானியரும் பின்னர் பாடம் கற்றார்கள். அவர்கள் அமைத்த ஏற்பாடு ஒன்று மிகவும் சுவையானது. ஓடிக்கொண்டிருக்கும் டாங்கியின் எஞ்சினில் சூடேறியிருக்கும் குளிர்விப்பு நீரை, குழாய் வழியாக அடுத்த டாங்கிக்கு மாற்றினார்கள். ஒன்று விழித்தால் அது மற்றொன்றை எழுப்பும். தீப்பெட்டி அரிதாயிருந்த நாளில் நம் கிராமத்துப் பெண்கள் கொட்டாங்கச்சியை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு அடுப்பில் தணல் வாங்கிவரப் போவார்களே, அதே முறைதான்.

அப்போர் முடிந்து சில ஆண்டுகளே ஆன நிலையில், இதே சோதனை நம் நாட்டு வீரர்களையும் எதிர்கொண்டது. 1948-ஆம் ஆண்டில் லடாக்கை மீட்கும் பாதை, ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரமுள்ள ஸோஜி லா கணவாயில் அடைபட்டிருந்தது. செப்டம்பரில் காலாட்படை மேற்கொண்ட முயற்சி வெற்றி பெறவில்லை. அவ்வளவு உயரத்துக்கு டாங்கிகளைக் கொண்டுபோவது என்று ஜெனரல் திம்மய்யா துணிந்தார். ஏழாவது இலகு குதிரைப்படையின் ஸ்டூவர்ட் டாங்கிகள், சுழல்மேடைகள் கழற்றப்பட்டு, பகைவர் அறியாவண்ணம் ஸ்ரீநகருக்குக் கொண்டுவரப்பட்டன. கோவேறு கழுதைகள் செல்லும் ஒற்றையடிப் பாதையாக இருந்த கணவாய் வழியை டாங்கி செல்லும் வழியாக்கியவர்கள் யார் தெரியுமா? மேஜர் தங்கராஜுவின் தலைமையில் உழைத்த மதராஸ் சாப்பர்கள். 1780-ஆம் ஆண்டில் தோன்றிய அப்படைப்பிரிவின் வீரர்களை இராணுவத்தார் 'தம்பி' என்று அன்புடன் அழைப்பது வழக்கம். பனியைக் கண்ணால் கண்டிராத ஊர்களில் பிறந்த தம்பிகள், பனிமலையின் விலாவைக் குடைந்து பாதை அமைத்தார்கள்.

பருவநிலையால் தள்ளிப்போன தாக்குதல் நவம்பர் 1-ஆம் தேதி தொடங்கியது. லெப்டினன்ட் கர்னல் ராஜிந்தர் சிங்கின் டாங்கிகள் கணவாய்க்குள் ஏறிச் சென்றன. அத்துணை உயரத்தில் டாங்கிகளை எதிர்பாராத பகைவர் நிலைகுலைந்தனர். அம்மாத இறுதிக்குள் திராஸும் கார்கிலும் மீட்கப்பட்டன. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். எஞ்சினுக்குக் குளிரோடு மூச்சுத் திணறலும் சேர்ந்துகொண்ட களம் அது. அந்த எம்-5 வகை ஸ்டூவர்ட் டாங்கி ஒவ்வொன்றிலும் இரண்டு காடிலாக் எஞ்சின்கள் பொருத்தப்பட்டிருந்தன என்பதையும் இங்கே குறிப்பிடத் தோன்றுகிறது. எந்த நிறுவனத்தின் காருக்காகக் கெட்டரிங் 'ஸெல்ப்' செய்தாரோ, அதே நிறுவனத்தின் எஞ்சின்கள் தம்பிகள் அமைத்த பாதையில் இமயத்தின் மேல் ஏறின. பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், 1962 அக்டோபரில், அதைவிடவும் உயரமான சூஷூல் விமானத் தளத்துக்கு ஏ.எம்.எக்ஸ்-13 டாங்கிகள் விமானம் மூலம் கொண்டு சேர்க்கப்பட்டன.

போர்க்களத்தில் கற்ற பாடமும் அமைதிக்கால ஆராய்ச்சியும் சேர்ந்து இத்தொல்லையைச் சிறுகச் சிறுகத் தணித்தன. அமெரிக்காவின் வடக்கு டக்கோட்டா மாகாணத்தில், ஆண்ட்ரூ ப்ரீமன் என்பவர் எஞ்சினை மின்சாரத்தால் சூடாக வைத்திருக்கும் கருவிக்கு 1949-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். கடுங்குளிர் நாடுகளில் இரவில் காரை மின்சாரத்தோடு இணைத்துவிட்டு உறங்கப்போகும் வழக்கம் இத்தகைய கருவிகளால் வந்தது. குளிரில் மிக இறுகாமலும் சூட்டில் மிக இளகாமலும் இருக்கும் பல்தர எண்ணெய்கள் 1950-களில் பரவின. எண்ணெய்க் குப்பியின்மீது எண்ணோடு காணப்படும் 'டபிள்யூ' என்ற எழுத்து, ஆங்கிலத்தில் குளிர்காலத்தைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்தே. டீஸல் எஞ்சினின் அறைக்குள் செந்தழலாய்க் காயும் மின்செருகி ஒன்று வைக்கப்பட்டது. சாவியைத் திருப்பியதும் வண்டிப் பலகையில் சுருள் வடிவில் எரியும் மஞ்சள் விளக்கு, அது சூடேறுவதைத் தெரிவிக்கும் அடையாளம். இன்றைய கார்களிலோ, எஞ்சினின் வெப்பத்தை அளந்து எரிபொருளின் அளவைத் தானே கணக்கிடும் மின்னணுக் கருவி உள்ளது. சோக்கை இழுக்கும் வேலை நம் கையைவிட்டுப் போய்விட்டது.

லடாக்கில் மெழுகுத் தொல்லையைத் தவிர்க்க ஓட்டிகள் டீஸலில் மண்ணெண்ணெய் கலந்து வந்தார்கள். அது எஞ்சினின் நுண்ணிய பம்புக்கு வேண்டிய வழுவழுப்பைக் குறைத்துத் தேய்மானத்தை உண்டாக்கும். 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம், பூஜ்யத்துக்குக் கீழே 33 டிகிரி வரையில் உறையாத குளிர்கால டீஸலை அப்பகுதிகளுக்கென அறிமுகப்படுத்தியது. மாஸ்கோ வாயிலில் எண்ணெய் இறுகி நின்ற நாளிலிருந்து ஏறக்குறைய எழுபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, நம் எல்லைப்புறத்து லாரி ஓட்டி ஒருவருக்கு ஒரு கவலை குறைந்தது.

இவ்வரலாறெல்லாம் அறிந்தபின், நம் வீட்டு வாயிலில் வண்டி எழாமல் நிற்கும்போது என்ன செய்வது? பழம் பட்டறைக்காரர்கள் கண்ணைவிடக் காதையே முதலில் நம்புவார்கள். சாவியைத் திருப்பியதும் 'டக்' என்ற ஓசை மட்டும் கேட்டால், பாட்டரி தளர்ந்திருக்கலாம், அல்லது அதன் முனைகளில் வெண்ணிறப் பூஞ்சணம் போன்ற உப்புப் படிந்து இணைப்பு நெகிழ்ந்திருக்கலாம். எஞ்சின் சோம்பலாகச் சுழன்றால், பாட்டரியின் வலுவையும் எண்ணெயின் தரத்தையும் ஐயுற வேண்டும். சுறுசுறுப்பாகச் சுழன்றும் பற்றவில்லையானால், பாட்டரி குற்றமற்றது. குறை எரிபொருளில் அல்லது பொறியில் இருக்கிறது. டீஸல் வண்டியின் புகைக்குழாயில் வெண்புகை வந்தால், எண்ணெய் வருகிறது, சூடு போதவில்லை என்று பொருள். மின்செருகிகளைச் சோதிக்க வேண்டும். புகையே இல்லையானால், எண்ணெயே வந்து சேரவில்லை என்று கொள்ளலாம்.

சில எளிய ஒழுக்கங்களும் உண்டு. விளக்கு, விசிறி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கிளச்சை முழுதும் மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்புக. பத்து விநாடிக்கு மேல் சுழற்றாமல் அரை நிமிடமாவது ஓய்வு கொடுங்கள். சில விநாடி உழைப்புக்கென்றே அமைந்தது அந்த மோட்டார் என்பதைக் கெட்டரிங்கின் கதையில் கண்டோம். மஞ்சள் சுருள் விளக்கு அணையும் வரையில் பொறுங்கள். எஞ்சினுக்கு அடியில் நெருப்பு மூட்டும் போர்க்கால வழக்கத்தை வீட்டு வாயிலில் கைக்கொள்ள வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கதவடைத்த கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்ற வேண்டாம். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது; வருவது தெரியாமலே உயிரைக் கொண்டுபோகும். மூடிய அறையில் அங்கீட்டி வைத்து உறங்கி மறுநாள் கண்விழியாத குடும்பங்களைப் பற்றி இந்நகரத்துச் செய்தித்தாள்களில் குளிர்காலந்தோறும் படிக்கிறோம். அதே நஞ்சுதான் இதுவும்.

நாம் முதலில் விவரித்த அந்த விடியற்காலைக்குத் திரும்புவோம். மூன்றாம் முறையும் முனகல் எழாமல் நின்றபோது, பக்கத்து வீட்டுப் பஞ்சாபிப் பெரியவர் சால்வையைத் தோளில் எறிந்துகொண்டு, கையில் இரண்டு தடித்த கம்பிகளோடு வந்தார். தம் வண்டியை எங்கள் வண்டிக்கு அருகில் நிறுத்தினார். சிவப்புக் கம்பியால் இரு பாட்டரிகளின் நேர்முனைகளை இணைத்தார். கறுப்புக் கம்பியின் ஒரு முனையைத் தம் பாட்டரியிலும், மறுமுனையைப் பாட்டரியைத் தொடாமல் சற்றுத் தள்ளி எங்கள் எஞ்சினின் இரும்பிலும் பொருத்தினார். பாட்டரியருகே பொறி பறந்தால், அதிலிருந்து எழும் வாயு பற்றிக்கொள்ளும் என்று அவர் அறிந்திருந்தார். அவருடைய எஞ்சின் ஓடியது. சிறிது பொறுத்து நாம் சாவியைத் திருப்பினோம். எங்கள் எஞ்சின் ஒரு முறை செருமி, இருமி, பிறகு சீராக ஓடத் தொடங்கியது.

"ஸெல்ப் எடுத்துவிட்டது!" என்று வாயிற்படியிலிருந்து குரல் வந்தது. எடுத்தது நம் ஸெல்ப்தான். அதற்குத் தணல் தந்தது பக்கத்து வீடு. பெரியவருக்கு நன்றி கூறிவிட்டு நாம் புறப்பட்டோம். ரயில் மூன்று மணி நேரம் தாமதமாக வந்தது. அதற்கும் மூடுபனியே காரணம்.